லக்சபான நீரும் ஐதரசன் கலமும்

இலங்கை மலைநாட்டிலுள்ள கினிகத்தேனை என்னும் ஊரின் சிங்களப் பெயருக்குத் தீப்பற்றிய சேனை என்று பொருள். ஆயினும் இப்பிரதேசத்துக்கு வருபவர் காண்பது நெருப்பையன்று, தென்மேல் பருவ மழையில் நனைந்து நிற்கும் தேயிலை மலைகளையும், களனி கங்கையாகக் கூடப்போகும் கெசல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா ஆகியவற்றின் பிரவாகத்தையும், அந்நீர் ஈன்ற மின்சாரத்தைச் சுமந்து செல்லும் இரும்புக் கோபுரங்களையுமே.

இந்நீரின் சக்தியை 1918 ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் சங்கத்தின் முன் கணக்கோடு எடுத்துரைத்தவர் டி.ஜே. விமலசுரேந்திர. அரசாங்கம் வேலையைத் தொடங்குவதும் நிறுத்துவதுமாய்க் காலங்கடத்த, அவர் 1931 இல் அரசாங்க சபைக்கே அங்கத்தவராய்ச் சென்று வாதாடினார். லக்சபான நீர்மின் நிலையம் திறக்கப்பட்டதோ 1950 இல்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த மனிதரைக் காக்க வைத்த அதே அரசாங்க வாசலில் இன்று நிற்பது ஐதரசன் எரிபொருட் கலம். 1839 இல் வேல்ஸ் தேசத்து வில்லியம் குரோவ் கண்ட தத்துவம் அது. இன்றைய கலத்தின் நடுவே காகிதம் போன்ற மெல்லிய சவ்வு. அதன் இருபுறமும் பிளாற்றினத் துகள் பூச்சு. ஒருபுறம் வந்து சேரும் ஐதரசன் அங்கே புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரிய, புரோத்தன் சவ்வை ஊடுருவிச் செல்கிறது. சவ்வு வழிவிடாத இலத்திரன் வெளியே கம்பி வழியாகச் சுற்றி மறுபுறம் அடைகிறது. அந்தச் சுற்றுப் பிரயாணமே மின்சாரம். மறுபுறத்தில் காற்றின் ஒட்சிசன் இரண்டையும் ஏற்று நீராகிறது. புகையில்லை, கரியில்லை, சொட்டுச் சொட்டாய்ச் சுத்த ஜலம்.

ஆயினும் ஒரு கிலோ ஐதரசனை நீரிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 50 அலகு மின்சாரம் செலவாகிறது. அதைக் கலத்தில் இட்டால் திரும்பக் கிடைப்பது இருபதுக்கும் குறைவு. இந்த நஷ்டத்தைச் சொல்லாமல் ஐதரசனைப் புகழ்வது வாசகரை ஏமாற்றுவதாகும். மின்கலத்தால் ஆகிற காரியத்துக்கு ஐதரசன் வேண்டியதில்லை. பாரமான வண்டியை நெடுந்தூரம் இழுப்பது போன்ற காரியத்துக்கே அது வேண்டும்.

அரசியல் ஆதரவோ வானிலை போல் மாறுகிறது. 2003 இல் அமெரிக்க ஜனாதிபதி புஷ் ஐதரசன் ஆராய்ச்சிக்கு 120 கோடி டொலரை வாக்களித்தார். 2009 இல் அடுத்த அரசின் சக்தி அமைச்சர் ஸ்டீவன் சூ வாகனக் கல ஆராய்ச்சிக்கான பணத்தை வெட்ட முனைய, காங்கிரஸ் சபை அதைத் தடுத்தது. இந்தியா 2023 ஜனவரியில் பசுமை ஐதரசனுக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 ஜூலையில் சென்னைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐதரசன் ரயில் பெட்டியைச் சோதித்தது. அத்தொழிற்சாலை செய்த டீசல் ரயில்கள் இலங்கையிலும் ஓடுகின்றன.

அதே 2025 இன் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைகளில் விளைந்த சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி நமது மின்சார சபை வேண்டிக்கொண்டது. தேவை குறைந்த அந்நாட்களில் மிகுந்த சக்தியைச் சேர்த்து வைக்க இடமிருக்கவில்லை. அப்படி வீணாகும் வெயிலில் ஒரு பங்கை ஐதரசனாக்கி, வட்டவளையிலும் ரொசல்லவிலும் கரும்புகை கக்கிக்கொண்டு ஹட்டனுக்கு ஏறும் ரயில் வண்டிகளுள் ஒன்றிலேனும் கலம் பொருத்திப் பார்க்க வேண்டும்; அதற்கான பணம், எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் பத்தாண்டுகள் குறையாமல் வருமென்று பாராளுமன்றம் இப்போதே எழுதிக்கொடுக்க வேண்டும்.