கூரைமேல் அலை – 9: நூறு புள்ளி அறுபத்து நான்கு

மொட்டை மாடியில் டவரைப் பார்த்து நிற்கும் வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து சுவரோரமாக இறங்கும் கேபிள், கூடத்தில் கம்பெனி கொடுத்த ரூட்டர், அதன் பின்னால் நாமே காசு போட்டு வாங்கிவைத்த ரூட்டர். எட்டு வாரங்களில் இதுவரை வந்திருக்கிறோம். இதற்கு மேல் முன்கதை வேண்டுவோர் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளலாம்.

இந்த வாரம் பிரிட்ஜ் மோடு, அதாவது கம்பெனி ரூட்டரை வெறும் வழியாக மட்டும் ஆக்கும் முறை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். நடுவில் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார்.

அவருடைய மகன் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார். காரைக்காலில் இது புதிதில்லை, தெருவுக்கு நாலு வீட்டில் ஒரு பிள்ளை பிரான்ஸில் இருக்கும். திண்ணையைப் பார்த்தபடி ஒரு கேமரா, உள்ளே பதிவுப் பெட்டி. மாலையில் அம்மா திண்ணையில் உட்காரும் நேரத்தில் அங்கிருந்தபடியே மகன் பார்ப்பார். செம்புக் கம்பியில் வந்த பழைய பிராட்பேண்ட் இருந்தவரை இது ஒழுங்காக நடந்தது. அதை எடுத்துவிட்டுக் காற்றில் வரும் இணைப்புக்கு மாறியதிலிருந்து திண்ணை தெரியவில்லை. இணையம் முன்னைவிட வேகம், படமெல்லாம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. வீட்டிலிருந்து வெளியே போவது எல்லாம் போகிறது. வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் வரவில்லை.

"சொந்தமா ரூட்டர் வாங்கி வெச்சா சரியாப் போயிடும்னு கடையில சொன்னாங்களே தம்பி" என்றார்.

அவர் வாங்கியது நல்ல ரூட்டர்தான். வெளியிலிருந்து வரும் அழைப்பைப் பதிவுப் பெட்டிக்கு அனுப்பும்படி அதில் போர்ட் திறந்தேன். கம்பெனி ரூட்டரிலும் அதே போர்ட்டைத் திறந்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனி ரூட்டரின் நிலவரப் பக்கத்துக்குப் போய், வெளியுலகத்திலிருந்து அதற்குக் கிடைத்திருக்கும் முகவரி என்ன என்று பார்த்தேன். 100.72 என்று ஆரம்பித்தது. அந்த எண் என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று இரவுகளாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், ஆகையால் இந்த வாரம் அதுதான்.

இணையத்தில் முகவரிகள் இரண்டு வகை என்று முன்பு எழுதியிருந்தேன். ஒன்று உலகத்துக்கே பொதுவானது, ஓர் எண் உலகில் ஒரே ஒரு வாசலைத்தான் குறிக்கும். இன்னொன்று வீட்டுக்குள் மட்டும் புழங்குவது. 192.168 என்று தொடங்குவது அப்படிப்பட்டது. 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரை இருப்பதும் அதே இனம். 1996 பிப்ரவரியில் எழுதப்பட்ட விதி இது. உங்கள் வீட்டு ரூட்டரும் என் வீட்டு ரூட்டரும் ஒரே 192.168.1.1 ஆக இருக்கலாம், சண்டை வராது. ஒரு தெருவில் பத்து வீட்டில் பத்து "சின்னத்தம்பி" இருப்பது போலத்தான். வீட்டுக்குள் கூப்பிட்டால் யார் திரும்ப வேண்டுமோ அவர் திரும்புவார்.

நான் கண்ட எண் இந்த இரண்டிலும் சேராதது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை மொத்தம் 41,94,304 முகவரிகள். 2012 ஏப்ரலில் இவற்றை மட்டும் தனியே வெட்டி ஒதுக்கினார்கள். இவை உலகத்துக்கும் சொந்தமில்லை, வீட்டுக்கும் சொந்தமில்லை. வீட்டுக்கும் உலகத்துக்கும் நடுவே, இணைய நிறுவனத்தின் வயிற்றுக்குள் இருக்கும் தெருக்களுக்கு மட்டும் ஆனவை.

ஏன் இப்படி ஒரு நடுநிலம் தேவைப்பட்டது? பழைய முகவரி முறை 1981-இல் வகுக்கப்பட்டது. அதில் மொத்தம் 429 கோடிச் சொச்சம் எண்கள்தான். அன்றைக்கு அது கடல் மாதிரி தெரிந்திருக்கும். 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசி ஐந்து பெரிய கட்டுகளை ஐந்து கண்டங்களின் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பத்தாயத்தைத் துடைத்துவிட்டார்கள். நம் ஆசிய பசிபிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதியே தன் கடைசிக் கட்டில் கைவைத்துவிட்டது. நம் ஊரில் ஏழைபாழை கையிலெல்லாம் இணையம் வந்தது அதற்குப் பிறகுதானே! அறுவடை முடிந்து களத்தைக் கூட்டிய பின் நாம் கூடையோடு போய் நின்றோம்.

ஆகவே ஒரே உலக முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டு ரூட்டர் செய்யும் அதே முகவரி மாற்றும் வேலையை, நிறுவனம் தன் இடத்தில் ஒரு பேரியந்திரத்தை வைத்துச் செய்கிறது. அந்த இயந்திரத்துக்கும் நம் வீட்டுக்கும் இடையில் இருக்கும் தெருவுக்கு என்ன எண் கொடுப்பது? 192.168 கொடுத்தால் வீட்டுக்குள்ளும் அதே எண், வாசலுக்கு வெளியிலும் அதே எண். இரண்டு பக்கமும் ஒரே பெயரில் தெரு இருந்தால் நடுவில் நிற்கும் தபால்காரர் எந்தப் பக்கம் திரும்புவார்? ரூட்டரும் அப்படித்தான் திகைத்து நின்றுவிடும். அதைத் தவிர்க்கத்தான், எந்த வீட்டு ரூட்டரும் தொடாத எண்களாக 100.64 ஒதுக்கப்பட்டது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, நம் ஊரைப் பற்றியல்லவா படிக்கிறோம் என்று தோன்றியது.

காரைக்காலின் முகவரியை எழுதிப் பாருங்கள். மாநிலம் என்ற இடத்தில் புதுச்சேரி. அஞ்சல் எண் 609602, பக்கத்து மயிலாடுதுறையோடு சேர்ந்த 609. பாண்டிச்சேரி நகரத்துக்கோ 605. வண்டி எண் பி.ஒய். 02. வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு, மேற்கிலும் தமிழ்நாடு. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு நடைமுறையில் சேர்ந்தது, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி சேர்ந்தது. நடுவில் இருந்த எட்டு ஆண்டுகள் என்ன முகவரி? அதுவும் ஒரு நூறு புள்ளி அறுபத்து நான்குதான்.

தொலைபேசிக் கணக்கு இன்னும் அழகு. புதுச்சேரி என்ற ஒரே ஆட்சிப்பகுதி தொலைத்தொடர்பில் மூன்று வட்டங்களில் கிடக்கிறது. பாண்டியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டம். மாஹே கேரள வட்டம். ஏனாம் ஆந்திர வட்டம். அலைக்கற்றை ஏலமும் வட்டக் கணக்கில்தான் நடக்கிறது. ஆகவே பூவத்தில் நம் பக்கத்து மாடியில் இருக்கும் பெட்டியும், பாலத்துக்கு அந்தப் பக்கத்து மாடியில் இருக்கும் பெட்டியும் ஒரே அலையைக் குடிக்கின்றன. பெட்ரோல் விலை மாறும் இடத்தில் அலை மாறுவதில்லை. பெட்டி புதுச்சேரியிலும் டவர் தமிழ்நாட்டிலும் இருக்கலாம், அலைக்கு வாஞ்சூர் செக்போஸ்ட் கிடையாது.

சரி, அக்கா வீட்டுக்கு வருவோம். அங்கே இப்போது மூன்று கதவுகள். முதல் கதவு அவர் வாங்கிய ரூட்டர். இரண்டாவது கம்பெனி கொடுத்த ரூட்டர். மூன்றாவது, எங்கோ நகரத்தில் இருக்கும் நிறுவனத்தின் பேரியந்திரம். முதல் இரண்டையும் நான் திறந்தேன். மூன்றாவதன் சாவி நம் கையில் இல்லை. பாரிஸிலிருந்து தட்டுகிற கை அந்த மூன்றாவது கதவில்தான் தட்டுகிறது. அங்கே ஒரே வாசல் எண்ணுக்குப் பின்னால் எத்தனையோ வீடுகள். யார் வீட்டுக்கு விடுவது என்று அதற்குத் தெரியாது. யாருக்கும் விடாமல் கைவிட்டுவிடுகிறது.

இதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். கம்பெனி ரூட்டரின் நிலவரப் பக்கத்தில் இருக்கும் வெளி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐபி முகவரி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே தெரிவதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மூன்றாவது கதவு இல்லை. வேறு வேறாக இருந்து, ரூட்டரில் இருப்பது 100-இல் தொடங்கி அடுத்த எண் 64-க்கும் 127-க்கும் இடையில் இருந்தால், நீங்களும் எங்கள் நடுநிலத்துக்காரர்தான். சில நிறுவனங்கள் அந்த இடத்தில் 10-இல் தொடங்கும் எண் கொடுக்கும், விளைவு அதேதான்.

அப்படியானால் சொந்த ரூட்டர் வீணா? இல்லவே இல்லை. இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதே அதைச் சொல்லத்தான். சொந்த ரூட்டர் வீட்டுக்குள் ஆட்சியை நம் கையில் கொடுக்கிறது. நீளவாக்கில் தெருவுக்குத் தெரு ஓடும் நம் பழைய வீடுகளில், சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டிக் கொல்லைப்புறச் சமையல்கட்டுக்கு அலை போக வேண்டுமா? நடு முற்றத்துக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே ரூட்டரை வைக்கலாம். விருந்தாளிக்குத் தனி வைஃபை, பிள்ளைகளுக்கு இரவு பத்து மணிக்கு மேல் நிறுத்தம், கேமராவும் டிவியும் மற்றக் கருவிகளைத் தொடாதபடி தனி அறை, நாம் மட்டும் அறிந்த கடவுச்சொல், எல்லாம் நம்முடையது. நாளை நிறுவனத்தை மாற்றினாலும் வீட்டுக்குள் ஒரு கருவியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. வெளியே இருக்கும் வாசல் மட்டும்தான் அவர்களுடையது. எது நம்முடையது, எது அவர்களுடையது என்ற கோடு தெரிந்துவிட்டால், நம்மால் முடியாத இடத்தில் மூன்று இரவு மல்லாட வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. காற்றில் தகவல் வருவது நம் ஆட்சிப்பகுதிக்குப் பழக்கம். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பாண்டிக்கு அருகே வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்று கிராமங்களை ரேடியோ கருவிகளால் இணைத்தது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கம்பி இல்லாமல் குரலும் எழுத்தும் போயின. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் என்ற செய்தியை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நல்லவாடு கிராமத்திலும் அப்படி ஓர் ஒலிபெருக்கி இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துப் பதறி ஊருக்குப் போன் செய்தார். அந்த எச்சரிக்கை ஒலிபெருக்கியில் போயிற்று. ஊர் கரையை விட்டு ஓடித் தப்பியது.

அதே காலையில் நம் காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் அந்தக் காலையை மறந்தவர் இல்லை.

நல்லவாட்டைக் காப்பாற்றியது ஒலிபெருக்கி மட்டும் இல்லை. வெளியிலிருந்து ஒருவர் அழைத்தால் அடித்து எழுப்பும்படி அந்த ஊருக்கு ஒரு எண் இருந்தது. இணையத்தில் நம்மில் பெரும்பாலோருக்கு இன்று அந்த எண் இல்லை. நாம் வெளியே போகலாம், வாங்கலாம், பார்க்கலாம். வெளியே இருப்பவர் நம் வாசலுக்கு நேராக வர முடியாது. அக்காவின் கேமராவில் ஆரம்பித்து நான் இவ்வளவு தூரம் நடந்ததற்கு இதுதான் காரணம். வேகம் பற்றி விளம்பரங்கள் பேசுகின்றன, முகவரி பற்றி யாரும் பேசுவதில்லை. காற்று இணைப்பு வாங்குமுன் எத்தனை எம்.பி.பி.எஸ். என்று கேட்பவர், எனக்கென்று வெளி முகவரி உண்டா, நிலையான ஐபி தருவீர்களா என்றும் கேட்க வேண்டும்.

அக்கா வீட்டில் முடிவாகச் செய்தது இது. வெளியிலிருந்து வருவதற்குத்தானே தடை, உள்ளிருந்து போவதற்கு இல்லையே! வீட்டு ரூட்டர் தானாக வெளியே போய்க் காத்திருக்க, மகனின் போனும் வெளியே வந்து அதைச் சந்திக்கும்படி ஒரு சுரங்கப்பாதை அமைத்தோம். டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை அவர் வாங்கிய ரூட்டரிலேயே ஏற்ற முடிந்தது. கம்பெனி ரூட்டரில் அதற்கு இடமே இல்லை, கடைக்காரர் சொன்னது அந்த அளவில் சரியாயிற்று. இதில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். அந்த மென்பொருள் தன் கருவிகளுக்குக் கொடுக்கும் எண்களும் 100.64 முதல் 100.127 வரையிலான அதே நிலத்திலிருந்துதான் வருகின்றன. வழியை மறித்த அதே நடுநிலத்து எண்ணில்தான் அம்மாவும் பிள்ளையும் சந்தித்துக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. "அம்மா, முந்தானையைச் சரி பண்ணு, பக்கத்துல யாரு?" என்றது பாரிஸ்.

"எதிர்வீட்டுத் தம்பிதான்டா" என்றார், கேமராவைப் பார்த்து.

பிரிட்ஜ் மோடு அடுத்த வாரம். அதோடு மூன்றாவது கதவை முழுதாகவே இல்லாமல் செய்யும் புதிய முகவரி முறையான ஐபிவி6-உம் வர வேண்டும். இந்தியா அதில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. அதற்குள் ஒரு வேலை செய்து வையுங்கள். உங்கள் கம்பெனி ரூட்டரின் நிலவரப் பக்கத்தில் வெளி முகவரி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று ஒரு தாளில் எழுதி, ரூட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வாரம் அந்தத் தாள் தேவைப்படும்.

(தொடரும்)