சர்வர் நின்றால் மின்னஞ்சல் எங்கே காத்திருக்கும்?

மைசூர் அரசில் 17ஆம் நூற்றாண்டில் சிக்கதேவராஜ உடையார் காலத்தில் தோன்றிய ‘அஞ்செ’ என்னும் தபால் அமைப்பு, 1889ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்பட்டது. அக்காலக் கடிதங்களைப் போலவே இன்றைய மின்னஞ்சலும் நிலையம் நிலையமாகவே பயணம் செய்கிறது. ஒவ்வொரு நிலையமும் மடலை ஏற்றுச் சேமித்து, அடுத்த நிலையத்திடம் ஒப்படைக்கிறது.

மைசூருவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பும் மின்னஞ்சல், பெரும்பாலும் அதன் அஞ்சல் சர்வரை நேரடியாக அடைவதில்லை. இடையில் நுழைவாயில் சர்வர் ஒன்று நிற்கும். அனுப்பியவரின் நம்பகத்தன்மையை ஆராய்ந்து, ஸ்பேம் எனப்படும் வேண்டாத மடல்களையும் வைரஸ்களையும் தடுத்து, எஞ்சியவற்றை உள்ளே விடுவது அதன் பணி.

உள்ளிருக்கும் சர்வர் செயலிழந்தால்

அப்போதும் நுழைவாயில் மடல்களை ஏற்றுக்கொள்கிறது. வடிகட்டியவற்றை வரிசையில் வைத்து, குறித்த இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் அனுப்ப முயல்கிறது. முயற்சிகளுக்கிடையே பொதுவாகக் குறைந்தது 30 நிமிடங்கள் விடவேண்டும், 4 அல்லது 5 நாட்களேனும் முயன்ற பின்னரே கைவிடவேண்டும் என்பது 2008இல் வெளியான மின்னஞ்சல் நெறிமுறையின் அறிவுரை. சர்வர் தரும் மறுமொழி எண் 4இல் தொடங்கினால் அது தற்காலிகத் தடை, மடல் காத்திருக்கும். 5இல் தொடங்கினால் அது நிரந்தர மறுப்பு. அனுப்பியவருக்குத் தகவல் திரும்பும்.

நுழைவாயிலே பழுதுற்றால், அனுப்புபவரின் சர்வர் அதே முறையில் மடலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மாற்று நுழைவாயில் இருப்பின், அதிலும் அதே அளவு வடிகட்டல் வேண்டும்; காவல் தளர்ந்த வழியையே ஸ்பேம் அனுப்புவோர் நாடுவர்.

வாடிக்கையாளர் கருத்தில் கொள்ள வேண்டியவை

மடல் தொலையாது எனினும், தாமதமாகலாம். ஆகவே ஒரே கோரிக்கையைப் பலமுறை அனுப்ப வேண்டுவதில்லை. ஆனால் கார்டை முடக்குதல் போன்ற அவசரச் செயல்களுக்கு மின்னஞ்சலை நம்பியிராமல், வங்கியின் உதவி எண்ணை உடனே அழைப்பதே முறை. சில நிமிடங்களே செல்லுபடியாகும் ஓடிபி, வரிசையில் காத்திருந்து வந்தால் பயனற்றுப் போகும். கணக்கு நடவடிக்கை பற்றிய அறிவிப்பும் அவ்வாறே தாமதிக்கலாம். எனவே கைபேசி எண்ணையும் வங்கியில் பதிவு செய்துவைத்தல் நன்று.

2017 ஜூலை 6 நாளிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ குறையில்லாத மோசடிகளில், வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என வகுத்தது. விரைந்து தெரிவிப்பதன் மதிப்பு இதனால் விளங்கும்.

‘தங்கள் மடல்கள் சர்வரில் தேங்கியுள்ளன, விடுவிக்கக் கடவுச்சொல்லை உள்ளிடுக’ என்று வரும் செய்தியை நம்பலாகாது. சர்வர் சீரடைந்ததும் வரிசை தானாகவே நகரும். அதற்கு எவருடைய கடவுச்சொல்லும் தேவையில்லை. ஏமாந்து பணம் இழந்தோர், வங்கிக்குத் தெரிவிப்பதோடு 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் தாமதமின்றி அழைக்கவேண்டும்.