பழைய வீட்டுக்குப் புதிய ஜன்னல்

சென்னையில் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் மர ஜன்னல்கள் ஒவ்வொன்றாக விடைபெற்று வருகின்றன. சிலவற்றைக் கரையான் அரித்துவிட்டது. சில மழையில் ஊறிச் சாத்த முடியாமல் போய்விட்டன. மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதை வாங்குவது? அலுமினியமா, யு.பி.வி.சி.யா? ஒற்றைக் கண்ணாடியா, இரட்டைக் கண்ணாடியா? ஒரு முறை பொருத்திவிட்டால் பல ஆண்டுகள் அதனோடுதான் வாழ வேண்டும். ஆகவே பணத்தைக் கொடுக்கும் முன், ஜன்னல் வழியே வெப்பம் எப்படி உள்ளே வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரு வழிகள்

வெப்பம் ஜன்னல் வழியே இரண்டு வகையில் நுழைகிறது. வெளியே சூடு அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருந்தால், அது கண்ணாடியையும் சட்டத்தையும் ஊடுருவிக் கடத்தல் முறையில் வருகிறது. இதை அளப்பது யு-மதிப்பு. உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் ஜன்னல் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே அது. ஒற்றைக் கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 5.8, நடுவே காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடிக்குச் சுமார் 2.8.

இரண்டாவது, வெயில் நேராக உள்ளே பாய்வது. கண்ணாடி மேல் விழும் சூரிய ஆற்றலில் எத்தனை பங்கு அறைக்குள் வெப்பமாகிறது என்பதைச் சூரிய வெப்ப வரவு எண் காட்டும். விற்பனைத் தாள்களில் இதை எஸ்.எச்.ஜி.சி. என்று குறிப்பிடுவார்கள். சாதாரணக் கண்ணாடிக்கு இது 0.8க்குச் சற்று மேல்.

இவ்விரண்டில் எது பெரிது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நான்கடிக்கு நான்கடி ஜன்னலின் பரப்பு ஏறத்தாழ 1.5 சதுர மீட்டர். வெளியே 38 டிகிரி, ஏ.சி. போட்ட அறையில் 26 டிகிரி, வேறுபாடு 12. ஒற்றைக் கண்ணாடி வழியே கடத்தலால் வருவது 12 × 5.8 × 1.5, அதாவது சுமார் 104 வாட். அதே ஜன்னல் மேற்குச் சுவரில் இருந்து, மாலை வெயில் அதன் மேல் சதுர மீட்டருக்கு 600 வாட் வீதம் விழுவதாகக் கொள்வோம். உள்ளே வருவது 600 × 1.5 × 0.8, அதாவது 720 வாட்! இஸ்திரிப் பெட்டி ஒன்றை அறைக்குள் ஓயாமல் எரியவிடுவதற்கு இது ஏறத்தாழச் சமம்.

இரட்டைக் கண்ணாடி போட்டால் 104 வாட் 50 ஆகக் குறையும். ஆனால் அதுவும் வெறும் தெளிந்த கண்ணாடியானால், வெயில் வழியே வரும் 720 வாட் சுமார் 630 ஆகத்தான் இறங்கும். குளிர் நாடுகளில் கதை வேறு. அங்கே குளிர்காலத்தில் உள்ளும் புறமும் முப்பது டிகிரிக்கு மேலும் வேறுபடும். வெயிலோ வரவேற்கப்படும் விருந்தாளி. அந்த ஊர்களுக்கு ஏற்ற யோசனையை அப்படியே நாம் எடுத்துக்கொண்டால், சிறிய ஓட்டையை அடைத்துப் பெரிய ஓட்டையைத் திறந்து வைத்தவர்கள் ஆவோம்.

திசையைப் பாருங்கள்

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து பத்து டிகிரி அளவே வடக்கே சாய்ந்திருக்கும். எனவே வடக்கு ஜன்னலுக்கு மேலுள்ள இரண்டடி சன்ஷேடு அப்போது ஜன்னல் முழுவதையும் நிழலில் வைக்கும். தெற்கு ஜன்னலில் டிசம்பர் நண்பகலிலும் அதே சன்ஷேடு இரண்டே முக்கால் அடி வரை நிழல் தரும்.

மேற்கு ஜன்னலின் நிலை என்ன? மார்ச் மாதக் கடைசியில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். இரண்டடி சன்ஷேடின் நிழல் அப்போது ஓர் அடிக்குச் சற்று மேல். 5 மணிக்கு அரை அடிக்குச் சற்று மேல். காலையில் கிழக்கு ஜன்னலுக்கும் இதே நிலைதான். ஆகவே நல்ல கண்ணாடிக்குச் செலவிட நினைத்தால் மேற்கிலும் கிழக்கிலும் செலவிடுங்கள். எல்லா ஜன்னலுக்கும் ஒரே விலையுயர்ந்த கண்ணாடி தேவையில்லை.

வெளியே தடுப்பதே தடுப்பு

கண்ணாடி சூரியனின் குற்றலைக் கதிர்களை எளிதாக உள்ளே விடும். அவை திரைச்சீலை மேலும் தரையிலும் விழுந்து சூடேற்றுகின்றன. சூடான அப்பொருள்கள் வெளிவிடும் நீண்ட அலைக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. உள்ளே தொங்கும் திரை வெயிலை மறைக்கிறது. ஆனால் அதன் வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ வெயிலைக் கண்ணாடியைத் தொடவே விடுவதில்லை. அது சூடானாலும் வெளிக்காற்று அச்சூட்டைக் கொண்டுபோய்விடும். புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்து வீடுகளில் காணும் சாய்பலகை வைத்த மரக் கதவுகள் செய்வதும் இதைத்தான்: வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன.

தட்டி கட்ட வசதியில்லாத மாடிகளில் கண்ணாடியே அந்த வேலையைச் செய்ய வேண்டும். கறுப்போ பழுப்போ ஏற்றிய கண்ணாடி வெயிலை உறிஞ்சித் தானும் சூடாகி, ஒரு பகுதியை அறைக்குள் அனுப்பும், வெளிச்சத்தையும் குறைத்துவிடும். லோ-இ என்னும் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர். அதைத் திருப்பியனுப்பி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட முயல்கிறது இப்பூச்சு. ஆனால் லோ-இ என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். குளிர் நாடுகளுக்கென வெயிலை உள்ளே விடும் லோ-இ வகையும் உண்டு. எஸ்.எச்.ஜி.சி. 0.3 அளவில் உள்ளதா என்று தாளில் பார்த்துக் கேளுங்கள்.

காற்றை இழக்காதீர்கள்

ஏ.சி. இல்லாத வீட்டில், ஏ.சி.யை இரவில் மட்டும் போடும் வீட்டிலும், ஜன்னலின் முதல் வேலை காற்று விடுவது. பழைய மர ஜன்னல் கீலில் திறந்தது. அதன் திறப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் காற்றுக்குக் கிடைத்தது. இரு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் ஒன்று மற்றொன்றின் பின்னே ஒளிவதால் கிடைப்பது பாதிதான்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு தளப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. புது வீடுகளுக்காக எழுதப்பட்டதாயினும் பழைய வீட்டுக்கும் இது நல்ல அளவுகோல். 120 சதுர அடி அறைக்குப் பொருத்திப் பார்த்தால் 20 சதுர அடி வேண்டும். நான்கடிச் சதுர ஜன்னல் இரண்டு இருந்தால், கீல் வகையில் 28 சதுர அடிக்கு மேல் கிடைக்கும். ஸ்லைடிங்கில் 16 தான். அதே சுவர், அதே ஜன்னல், ஆனால் மாலையில் வரும் கடற்காற்றில் பாதி நின்றுவிடுகிறது! இதன் விலையை மின்விசிறியும் ஏ.சி.யும் மாதாமாதம் வசூலிக்கும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அலுமினியம் மரத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும், யு.பி.வி.சி. மரத்தைப் போன்றது. பகலெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் இதையும், இடுக்கில்லாமல் சாத்துகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். எப்போதும் திறந்திருக்கும் ஜன்னலில் இதற்கென்று கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. நிலைச்சட்டம் உறுதியாக இருந்தால் கதவை மட்டும் மாற்றியும் காரியத்தை முடித்துக்கொள்ளலாம்.

ஆகவே செலவின் வரிசை இது: முதலில் வெளி நிழல், அடுத்து முழுதும் திறக்கும் கதவு, பிறகு மேற்கிலும் கிழக்கிலும் வெப்ப வரவு குறைந்த கண்ணாடி, கடைசியில் இரட்டைக் கண்ணாடி. கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கொரு தரம் வீட்டைச் சுற்றி வந்து, எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த விலைப்பட்டியலையும்விட அந்தத் தாள் உங்களுக்கு அதிகம் உதவும்.