‘குறிஞ்சிப்பாடி அருகே’ என்று தொடங்கும் செய்தி

குறிஞ்சிப்பாடியில் என் பெரியப்பா நாற்பது வருஷமாகக் கைலி வியாபாரம் செய்கிறார். தாத்தா காலத்தில் வீட்டுக்குள்ளேயே நான்கு தறி ஓடியது. இப்போது வீட்டில் தறி இல்லை. நெய்பவர்களிடம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறார். எர்ணாகுளம் பக்கம் ஒரு மொத்த வியாபாரி மாதம் தவறாமல் சரக்கு எடுப்பார். போன வருஷம் திடீரென்று எடுப்பதை நிறுத்திவிட்டார். போன் போட்டால் ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுவார்.

நான்காவது மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. அங்கே பெரியவர் ஓய்வெடுத்துக்கொள்ள, மகன் கடைக்கு வந்திருக்கிறார். சரக்கு தரும் ஒவ்வொருவரின் பெயரையும் போனில் தட்டித் தேடியிருக்கிறார். பெரியப்பா பெயருக்கு முதலில் வந்து நின்றது ஓர் இணையச் செய்தி: குறிஞ்சிப்பாடி அருகே சீட்டுப் பணம் மோசடி, ஜவுளி வியாபாரி மீது புகார். அதே பெயர், அதே இனிஷியல். ஆள் வேறு, பெரியப்பாவைவிடப் பத்து வயது இளையவர், வேறு ஊர்க்காரர். ஆனால் செய்தியில் வயதும் இல்லை, தகப்பனார் பெயரும் இல்லை.

“நாலு மாசமா ஊரெல்லாம் படிச்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியலயேப்பா” என்றார் பெரியப்பா. கோபம் இல்லை அந்தக் குரலில். வெட்கம் இருந்தது. செய்யாத தப்புக்கு எழுபது வயது மனிதர் வெட்கப்பட்டதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதனால்தான்.

அந்தச் செய்தி வெளியான அன்றே எங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், ஒரு போனில் முடிந்திருக்கும். அன்றே தெரிந்துகொள்ள வழியும் இருக்கிறது, அதற்குக் காசும் கிடையாது. கூகுள் அலர்ட்ஸ் என்று பெயர். ஒரு சொல்லையோ பெயரையோ எழுதி வைத்துவிட்டால், அந்தச் சொல் இணையத்தில் புதிதாக எங்கே வந்தாலும், கூகுள் கண்ணில் பட்டவுடன் உங்கள் மெயிலுக்குத் தகவல் வரும். 2003இல் வந்தது. உருவாக்கியவர் ஆந்திரத்தில் பிறந்த பொறியாளர் நாகா கட்டாரு. மேலதிகாரிக்கு இந்த யோசனை பிடிக்காமல் போக, நிறுவனர்களிடமே கொண்டுபோய்க் காட்டியதாக அவர் சொல்லியிருக்கிறார். பின்னாளில் கூகுளை விட்டுவிட்டு, கலிபோர்னியாவில் பாதாம் தோட்டம் போட்டு விவசாயம் பார்க்கப் போய்விட்டார். அவர் செய்துவைத்த கருவி மட்டும் இருபது வருஷத்துக்கும் மேலாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதை வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கூகுளில் ‘அலர்ட்ஸ்’ என்று தேடி அந்தப் பக்கத்துக்குப் போய், மேலே உள்ள கட்டத்தில் பெயரை எழுத வேண்டும். கீழே விருப்பங்கள் இருக்கும்: உடனுக்குடன் வேண்டுமா, நாளுக்கு ஒருமுறையா, வாரத்துக்கு ஒருமுறையா, எந்த மொழி, எந்த நாடு, பொறுக்கியெடுத்த முடிவுகள் போதுமா, எல்லாமும் வேண்டுமா. சாதாரண ஆளுக்கு ‘நாளுக்கு ஒருமுறை’, ‘எல்லா முடிவுகளும்’ என்று வைப்பதே சரி. நம் ஊர் ஆட்களைப் பற்றி எழுதும் சிறிய தளங்களைக் கூகுள் முக்கியமாக நினைக்காது. ‘பொறுக்கியெடுத்தவை’ என்று விட்டால் நமக்கு வேண்டியதே விட்டுப்போகும்.

கஷ்டம் இருப்பது பெயரில்தான். வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு இருப்பது ஓர் எழுத்து. எஸ். செந்தில்குமார் என்று கடலூர் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் தினம் ஒரு கூடை குப்பை வரும். ஒரே வாரத்தில் அலுத்துப்போய் நிறுத்திவிடுவீர்கள். அதனால் பெயரோடு ஊரையோ தொழிலையோ சேர்க்க வேண்டும். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் குறிஞ்சிப்பாடி என்று எழுதலாம். ஒரே பெயரில் சினிமா நடிகர் ஒருவர் இருந்தால், ‘சினிமா’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அந்தச் செய்திகள் விலகிவிடும்.

அடுத்த கஷ்டம் எழுத்துக்கூட்டல். குறிஞ்சிப்பாடியை ஆங்கிலத்தில் ஒரு ‘பி’ போட்டு எழுதுபவர்கள் உண்டு, இரண்டு ‘பி’ போடுபவர்களும் உண்டு. ‘ஞ்சி’க்கு ஒருவர் ‘ஜே’ போடுவார், இன்னொருவர் ‘சி, எச்’ போடுவார். ஊருக்கே இந்தக் கதி என்றால் சண்முகத்துக்கும் சுந்தரமூர்த்திக்கும் கேட்கவே வேண்டாம். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, கடைப் பலகையில் ஒரு மாதிரி. எல்லாவற்றுக்கும் தனித்தனியாக அலர்ட் வைத்துவிடுங்கள். எத்தனை வைத்தாலும் செலவு இல்லை.

தமிழில் தேடும்போது வேற்றுமை உருபையும் மறக்கக் கூடாது. மேற்கோள் குறிக்குள் போட்ட சொல்லை இயந்திரம் அப்படியேதான் தேடும். ‘குறிஞ்சிப்பாடி’ என்று வைத்தால் ‘குறிஞ்சிப்பாடியில்’, ‘குறிஞ்சிப்பாடியைச் சேர்ந்த’ என்பவை தப்பிவிடலாம். நம் ஊர்ச் செய்திகள் எப்படித் தொடங்கும் என்பது நமக்குத் தெரியும்: ‘குறிஞ்சிப்பாடி அருகே’ என்றுதான். அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து நான் ஓர் அலர்ட் வைத்திருக்கிறேன். விபத்து, திருட்டு, கோயில் கும்பாபிஷேகம், நெல் கொள்முதல் என்று எல்லாம் அதில் வரும். அதில் எனக்குத் தெரிந்த பெயர் இருக்கிறதா என்று காலையில் காபி குடிக்கும்போதே பார்த்துவிடுகிறேன்.

பெயருக்காகப் போராடுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. பக்கத்து வடலூரில் வாழ்ந்த வள்ளலாரின் பாடல்கள் 1867இல் ‘திருவருட்பா’ என்று அச்சேறின. இதை அருட்பா என்று சொல்வது தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுப்பு எழுதினார். கண்டனம், கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று பிரசுரங்கள் பறந்தன. 1869இல் விவகாரம் மானநஷ்ட வழக்காகக் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கே போனது. 1874இல் வள்ளலார் மறைந்தார், 1879இல் நாவலர் மறைந்தார், சண்டை ஓயவில்லை. அடுத்த தலைமுறையில் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும் செய்குத்தம்பிப் பாவலர் மறு பக்கமும் நின்று அதைத் தொடர்ந்தார்கள். அந்தச் சண்டையில் எத்தனை கசப்பு இருந்தாலும், எழுதியது யார் என்று தெரியும். பிரசுரம் கைக்கு வரும், படித்துப் பதில் எழுதலாம். இன்று யார் எழுதினார்கள் என்பதும் தெரிவதில்லை, எழுதினார்கள் என்பதே தெரிவதில்லை. என் பெரியப்பா பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

தனி ஆளுக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை இது. நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் தொடங்கிய நிறுவனம். 2016இல் என்எல்சி இந்தியா என்று பெயர் மாறியது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐடிஐ முடித்த பிள்ளைகளுக்கு ‘என்எல்சி’ என்ற மூன்றெழுத்து வெறும் கம்பெனிப் பெயர் இல்லை; வீட்டின் கனவு. அந்தக் கனவை வைத்துத்தான் போலி வேலைவாய்ப்பு அறிவிப்புகளைப் பரப்புகிறார்கள். முத்திரை அப்படியே இருக்கும், கையெழுத்து இருக்கும், ‘பதிவுக் கட்டணம்’ மட்டும் யாரோ ஒருவரின் கணக்குக்குப் போகச் சொல்லும். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இது: அலர்ட் கட்டத்தில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தள முகவரியை எழுதி, பக்கத்தில் ‘அப்ரண்டிஸ்’ என்று போடுங்கள். அந்தத் தளத்தில் வந்த அறிவிப்பு மட்டும்தான் உங்களுக்கு வரும். வாட்ஸ்அப்பில் ஒன்று வந்து, அசல் தளத்தில் அது இல்லையென்றால், பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

தெரிந்துகொண்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். குற்ற வழக்கு ஒன்றில் கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற ஒருவரை, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது. ஆனால் அவர் பெயரைத் தேடினால் அந்தத் தீர்ப்பே முன்னால் வந்து நின்றது. விடுதலை என்ற கடைசி வரிவரை யாரும் படிப்பதில்லை. குற்றச்சாட்டைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியக் குடியுரிமை தனக்குக் கிடைக்காமல் போனதே இதனால்தான் என்று அவர் முறையிட்டார். தீர்ப்பிலிருந்து பெயரை நீக்கக் கேட்டு அவர் போட்ட மனுவை 2021 ஆகஸ்டில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தள்ளுபடி செய்தார். இதற்கு முறையான சட்டம் வேண்டும் என்றார். மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

ஐரோப்பாவில் 2014இலேயே இதற்கு ஒரு வழி பிறந்துவிட்டது. ஸ்பெயின்காரர் ஒருவரின் சொத்து கடனுக்காக ஏலத்துக்கு வந்ததாக 1998இல் நாளிதழில் வந்த அறிவிப்பு, கடன் தீர்ந்த பிறகும் கூகுளில் அவரைத் துரத்தியது. தேவை தீர்ந்துபோன பழைய தகவலைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கேட்கத் தனிமனிதருக்கு உரிமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. செய்தி அழியாது, பெயரைத் தேடினால் வராது, அவ்வளவுதான். நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். விடுதலையான மனிதரின் பெயரை என்ன செய்வது என்பதில்தான் இன்னும் கோர்ட்டுக்குக் கோர்ட் பதில் மாறுகிறது. கோர்ட் ஆவணம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் நிரபராதி என்று கோர்ட்டே சொன்ன ஒருவரின் பெயர், வாழ்நாள் முழுக்க அந்தக் குற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது நியாயமே இல்லை.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் வக்கீலிடம் போகவில்லை. அந்தச் செய்தியை வெளியிட்ட தளத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினோம். இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று காட்ட, பெரியப்பாவின் ஜிஎஸ்டி பதிவையும் ஆதாரையும் அனுப்பினோம். பத்தாவது நாள் செய்தியில் சம்பந்தப்பட்டவரின் வயதையும் ஊரையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எர்ணாகுளத்துக்கு அனுப்பினேன். ஒருவர் மீது பொய்யாக அவதூறு எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் தவறுதலாக நேர்ந்ததை நேரில் பேசித் திருத்திக்கொள்வதே விரைவான வழி என்பது எங்கள் அனுபவம். எதைச் செய்தாலும், முதலில் அந்தப் பக்கத்தை முகவரி, தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் கீழே பதில் எழுதாதீர்கள். எழுதினால் நான்கு பேர் சேருவார்கள், அந்தப் பக்கம் இன்னும் பலர் கண்ணில் படலாம்.

இந்த அலர்ட்டால் முடியாததும் நிறைய. வாட்ஸ்அப் குழுவில் ஓடுவது அதற்குத் தெரியாது. பூட்டி வைத்த பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்குள் அதனால் போக முடியாது. கடைக்குக் கூகுள் மேப்பில் யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டால், அது இந்த வழியாக வராது; கடையை உங்கள் பெயரில் அங்கே பதிவு செய்து, அறிவிப்பு வரும்படி தனியாக வைக்க வேண்டும். படத்தையும் இது தேடாது. பெண்களின் படத்தைத் திரித்துப் போட்டிருந்தால், காத்திருக்காமல் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் சைபர் கிரைமுக்கும் உடனே புகார் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெண் பிள்ளைகளை வேவு பார்க்க இதை வைக்காதீர்கள். அவர்கள் பெயருக்கு வைப்பதென்றால் அவர்களிடம் சொல்லி, அவர்கள் மெயிலுக்கே வரும்படி வையுங்கள். பெயர் அவர்களுடையது.

பெரியப்பாவிடம் ஸ்மார்ட்போன் இல்லை. “எம் பேரு கடைத்தெருவுக்கே தெரியும், அத எதுக்குப்பா மெஷின்ல போட்டுத் தேடணும்?” என்று முதலில் மறுத்தார். இப்போது அவர் பெயருக்குத் தமிழில் இரண்டும் ஆங்கிலத்தில் மூன்றுமாக ஐந்து அலர்ட்டுகள் என் மெயிலில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால், காபி தருவதற்கு முன்பே “எதாச்சும் வந்துச்சா?” என்று கேட்கிறார். எர்ணாகுளத்துச் சரக்கும் பழையபடி போகத் தொடங்கிவிட்டது, முன்பு போனதில் பாதிதான் என்றாலும்.

உங்கள் வீட்டிலும் மெயில் பார்க்கத் தெரியாத ஒரு பெரியவர் இருப்பார். இன்று ராத்திரி உங்கள் பெயருக்கு ஒன்று வைக்கும்போது, அவர் பெயருக்கும் சேர்த்து வைத்துவிடுங்கள்.