சாடிப் பயிர்களின் மண் கலவையிற் சேர்க்கத்தக்க கனிப்பொருட்கள்

மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றைச் சாடிகளிலும் பைகளிலும் வளர்க்கும் கமக்காரர் பலர், மண்ணைத் திருத்துவதற்கெனக் கடையிற் கிடைக்கும் பொருள்களையெல்லாம் சிறிது சிறிதாகச் சேர்க்கின்றனர். வயலிற் செய்த தவற்றை மழையும் அடுத்த உழவும் ஓரளவு திருத்தும். சாடியிலோ இட்டது இட்டபடியே கிடக்கும். வேர் விலகிச் செல்ல வேறிடமில்லை. ஆகையால் எப்பொருளை எதற்காக இடுகின்றோம் என்பதை முன்னரே அறிதல் வேண்டும்.

முதலாவது தேவை காற்றோட்டம். அடியில் துவாரம் இருந்தபோதிலும் சாடியின் அடிமண்ணில் நீர் சிறிதளவு தேங்கியே நிற்கும். மண் நுண்ணியதாயின் தேங்கும் உயரமும் கூடும். அடியிற் சல்லி பரப்பினால் நீர் நன்கு வடியும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் நுண்மண்ணிலுள்ள நீர் பெருங்கற்களின் இடைவெளிக்குள் இலகுவில் இறங்காது. தேங்கும் படை மேலெழுந்து வேரை அண்மிவிடும். துவாரத்தை ஓர் ஓட்டுத்துண்டால் மறைத்தாற் போதும். திருத்தம் கலவை முழுவதிலும் செய்யப்படல் வேண்டும்.

இதற்குப் பருமணலே உகந்தது. நுண்மணல் களிமண்ணின் துளைகளை அடைத்து அதனை மேலும் இறுகச் செய்யும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருப்பதால் அதைத் தவிர்த்தல் நன்று. உடைந்த செங்கல்லைப் பயறளவாகத் தட்டி, தூளை அரித்து நீக்கிச் சேர்க்கலாம். அது நீரையும் சிறிது பிடித்து வைக்கும். உமியைக் கருகும் அளவிற்கு எரித்த கரியும் நல்லது. வெண்சாம்பலாகும்வரை எரித்தால் அது துளைகளை அடைப்பதோடு காரத்தன்மையையும் கூட்டும். பேர்லைற்று, வேர்மிக்குலைற்று என்பன பயனுள்ளவையே. எனினும் பருமணலும் உமிக்கரியும் கைக்கெட்டும் இடத்தில் அவற்றுக்குப் பணம் செலவிடத் தேவையில்லை.

மேல்மண், கூட்டெரு, பருமணல் மூன்றையும் சம அளவிற் கலப்பது பொதுவான முறை. மட்டக்களப்புக் கரையோர மணல்மண் உள்ளவர்கள் மணலை விடுத்து, அதற்குப் பதிலாகச் சிறிது குளத்துக் களிமண்ணை உலர்த்தி உடைத்துச் சேர்த்தல் வேண்டும். அவ்விடத்துக் குறைபாடு வடிகால் அன்று. நீரும் பசளையும் நில்லாமையே.

பெரும் நட்டம் நேர்வது சுண்ணாம்பு வகைகளாலேயே. மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் மழை கல்சியத்தையும் மகனீசியத்தையும் கழுவிச் செல்வதால் மண் அமிலத்தன்மை அடைகின்றது. அங்கே தொலமைற்று இவ்விரண்டையும் தந்து அமிலத்தைத் தணிக்கும். 10 லீற்றர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி தூள் போதுமானது. நடுகைக்கு இரு வாரங்களுக்கு முன்னர் ஈரமண்ணிற் கலந்து வைத்தல் வேண்டும். அதனுடன் அமோனியம் சல்பேற்றையோ யூரியாவையோ ஒரே வேளையிற் கலந்தால் நைதரசன் ஆவியாகி வீணாகும்.

யாழ்ப்பாணத்து நிலைமை முற்றிலும் வேறு. அங்கே மண்ணின் கீழே இருப்பதே சுண்ணக்கல். கிணற்று நீரும் வன்னீர். ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் சாடிக்குச் சுண்ணாம்பு சேருகின்றது. அத்தகைய மண்ணில் தொலமைற்றோ, அடுப்புச் சாம்பலோ இடுவது இரும்பையும் நாகத்தையும் பயிருக்குக் கிட்டாமற் செய்யும். நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளாகும். இதனைப் பசளைக் குறைவென எண்ணி மேலும் சாம்பலிடுவோர் உளர். பயிர் மேலும் வெளிறும்.

தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவது கல்சியம் காய்க்குச் சேராமையால் உண்டாவது. கார மண்ணிலும் இடத்தக்க கல்சியப் பொருள் ஜிப்சமே; அது காரத்தன்மையைக் கூட்டாது. ஆயினும் ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும் வழக்கமே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஜிப்சம் வாங்குமுன் நீர் ஊற்றும் முறையைச் சீராக்குக.

1971இல் எப்பாவலையிற் கண்டறியப்பட்ட பாறைப் பொசுபேற்று மலிவானது. ஆனால் அது அமில மண்ணில் மெல்ல மெல்லக் கரைவது. தேயிலை, தென்னை போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கு ஏற்றது. நான்கு மாதத்தில் முடியும் மரக்கறிக்கு, அதிலும் யாழ்ப்பாண மண்ணில், அது கரையுமுன் அறுவடை முடிந்துவிடும். முச்சுப்பர் பொசுபேற்றையே அங்கு இடுதல் வேண்டும்.

மண்ணிற் சுண்ணாம்பு உண்டா என அறிய, உலர்ந்த மண் ஒரு பிடியின்மீது சிறிது வினாகிரியை ஊற்றிப் பார்க்குக. நுரைத்தெழுந்தால் தொலமைற்றுப் பையைத் திறக்க வேண்டாம். நுரைக்காவிடினும், அமிலத்தின் அளவை அறியும்வரை அதிகமாக இடலாகாது. மண்ணைப் பரிசோதிக்கும் வழியை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.