சீனி படிக்க வைத்த பொடி எழுத்து

பாக்கெட்டின் மேல் வறுத்த கோழிக்கால் தகதகவென்று மின்ன வேண்டுமா? மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றி, மெஜந்தாவைத் தொட்டும் தொடாமலும் கூட்டி, மேலே பளபளவென்று ஒரு வார்னிஷ் அடித்தால் போதும். பார்க்கிறவன் வாயில் எச்சில் ஊறும். விஸ்வநத்தத்தில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருபத்தெட்டு வருஷமாக என் பிழைப்பு இதுதான். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், மசாலாப் பாக்கெட், சத்துமாவு அட்டை என்று எத்தனை லட்சம் என் கையால் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது.

ஆனால் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தை ஒரு நாள்கூடப் படித்ததில்லை. ரிஜிஸ்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, எழுத்து நிழல் அடிக்கிறதா... அதோடு என் கவலை தீர்ந்தது. என்னைப் படிக்க வைத்தது ஒரு நாய்க்குட்டி.

போன வருஷம் சித்திரையில் என் மைத்துனன் ராஜபாளையத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். "அத்தான், பெட்டியைப் பார்த்துப் பிரிங்க" என்றான். ஊர்ப்பழக்கம், வெடிக்கட்டோ என்று நான் தள்ளியே நின்றேன். உள்ளே ஐம்பது நாள் குட்டி ஒன்று! பால் வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு. அசல் ராஜபாளையம். 2005-இல் தபால் இலாகா நம் நாட்டு நாய்கள் நாலுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டதே, அதில் ஒன்று நம்ம ராஜபாளையம்.

என் மகள் 'சீனி' என்று பேர் வைத்தாள். வெள்ளையாக இருப்பதால் சீனி. சின்னதாக இருந்துகொண்டு பெரிய சத்தம் போடுவதால் சீனிவெடி. ரெண்டுக்கும் பொருந்தியது.

குட்டி வந்த மறுநாளே தெரு முழுக்க டாக்டர் ஆகிவிட்டது.

"பால்சோறு போடுங்க அண்ணாச்சி, அது போதும்" என்றார் எதிர்வீட்டுக்காரர். "பாலா? வயித்தால போகும். தயிர்சோறு!" என்றார் அவர் வீட்டம்மா. டீக்கடையில் 'பொறையும் பிஸ்கெட்டும்' என்றார்கள். கறிக்கடைக்காரர் மட்டும் தொழில் பக்தியோடு, "வேட்டை நாய் சார் அது! கறியைப் போட்டுப் பாருங்க, புலி மாதிரி வரும்" என்றார். சென்னையில் இருக்கும் என் மகனும் போனில், "அப்பா, புரோட்டீன் முக்கியம்" என்றான். ரெண்டு ஓட்டு விழுந்ததால் கறி ஜெயித்தது.

தினம் கால் கிலோ கோழி. குட்டித் தொண்டையில் சிக்கிவிடுமே என்று எலும்பு இல்லாமல் சதையாகப் பார்த்து வாங்குவேன். வேகவைத்து, கொஞ்சம் சோறு பிசைந்து வைத்தால் ஒரு நிமிஷத்தில் தட்டு பளிச். "எனக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் கறி. இந்த மகராணிக்குத் தினமுமா?" என்று என் வீட்டுக்காரி முணுமுணுத்தாலும், வேகவைத்ததென்னவோ அவள்தான்.

ஆனி மாசம் சீனி நொண்ட ஆரம்பித்தாள். முதலில் முன்னங்கால். எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பாள் என்று தேங்காயெண்ணெய் தடவினோம். பத்து நாளில் ரெண்டு முன்னங்காலும் வெளிப்பக்கமாக வளைந்தன. வாசல்படி ஏற மாட்டேன் என்றாள். ஒரு நாள் மகள் ஆசையாகத் தூக்கியதும் 'வீல்' என்று கத்தினாள் பாருங்கள், அந்தச் சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்துவிட்டது. வெடிச்சத்தத்துக்குக்கூட எட்டிப் பார்க்காத ஊர் எங்கள் ஊர்!

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். தாடையை அமுக்கிப் பார்த்தார். "என்ன சாப்பாடு?"

பெருமையோடு சொன்னேன்.

"பட்டினி போட்டிருக்கீங்க."

"சார்! தினம் கால் கிலோ..."

"அதான் சொல்றேன். எலும்பைப் பட்டினி போட்டிருக்கீங்க."

திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்தோம். எனக்கு வைத்தியம் தெரியாது, அச்சு தெரியும். மை தீர்ந்துபோன பிளேட்டில் அடித்த படம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எலும்பு. சதை எது, எலும்பு எது என்றே பிரித்துச் சொல்ல முடியாத மங்கல்.

விஷயம் இதுதான். சதைக்கறியில் பாஸ்பரஸ் எக்கச்சக்கம்; கால்சியம் சுத்தமாகக் கிடையாது என்றே சொல்லலாம். ஒன்றுக்குப் பத்து, இருபது மடங்கு வித்தியாசம். சோற்றிலும் அதே கதை. வளர்கிற குட்டிக்கோ கால்சியம் பாஸ்பரஸை விடக் குறையவே கூடாது. ஒன்றுக்கு ஒன்று, சற்றுக் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயமே தடுமாறும். அதனால் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு என்ற சுரப்பி, 'எங்கே இருந்தாவது கொண்டா' என்று உத்தரவு போடுகிறது. உடம்புக்குத் தெரிந்த ஒரே பாங்க், எலும்பு. அங்கிருந்து எடுத்து எடுத்துச் செலவு செய்து, கடைசியில் பாங்க் திவால். எலும்பு முருங்கைக்குச்சி மாதிரி ஆகிவிடும்.

"அப்போ ஒரு டப்பா கால்சியம் மாத்திரை வாங்கிப் போட்டுரட்டுமா டாக்டர்?"

"உங்க கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவே முடியாதா? குட்டிகளுக்கு அதிகமானாலும் வினைதான். வேணும்கறதை மட்டும் உறிஞ்சிக்கிட்டு மிச்சத்தைத் தள்ளற சாமர்த்தியம் அந்த வயசுல வராது. மருந்து நான் எழுதித் தர்றேன். ஓட விடாதீங்க, குதிக்க விடாதீங்க. குட்டிகளுக்குன்னே தயாரிச்ச முழுச் சத்துணவு வாங்குங்க. வாங்கறப்போ லேபிளைப் படிங்க."

லேபிளைப் படிக்கணுமாம். என்னிடம் சொல்கிறார்!

சிவகாசியில் நாய்த்தீனி விற்கும் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கப் பாக்கெட். முன்பக்கமெல்லாம் கோழிக்கால், கேரட், பச்சைப்பட்டாணி. எத்தனை சதவிகிதம் மஞ்சள் என்பதுவரை எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டுப் பாக்கெட்டைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் தடவையாகப் பொடி எழுத்தைப் படித்தேன். கடைக்காரப் பையன் என்னை இன்ஸ்பெக்டர் என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டான்.

முதலில் தேட வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு', அதாவது இது மட்டுமே முழுச் சாப்பாடு என்று இருக்கிறதா? எந்த வயசுக்கு? குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா? 'காம்ப்ளிமென்டரி' அல்லது 'ட்ரீட்' என்று இருந்தால் அது மிக்சர், காராச்சேவு மாதிரி. சாத்தூர் சேவு நன்றாகத்தான் இருக்கும். அதற்காக மூணு வேளையும் அதையே தின்ன முடியுமா? நான் ஆசையாகக் கையில் எடுத்த முதல் பாக்கெட்டே இந்த நொறுக்குத்தீனி ஜாதிதான். முன்பக்கப் படம் மட்டும் கல்யாண விருந்து!

அடுத்து, சேர்மானப் பட்டியல். எடை அதிகமுள்ளது முதலில் வரும். 'கோழி' என்று முதலில் இருந்ததும் மயங்கிவிடக் கூடாது. பச்சைக் கோழியில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். தண்ணீரோடு நிறுத்தால் அது முதலிடம். காய்ந்த பிறகு மக்காச்சோளத்துக்கும் அரிசிக்கும் பின்னால் போய்விடும். தேர்தல் டெபாசிட் மாதிரிதான்.

புரோட்டீன் சதவிகிதத்திலும் இதே தண்ணீர் விளையாட்டு உண்டு. உலர்தீனிப் பாக்கெட்டில் 24 என்று இருக்கும். டின் உணவில் 8 என்று இருக்கும். டின்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் தலைகீழ். டின்னில் 80 பங்கு தண்ணீர். மீதி 20-இல் 8 என்றால் நூற்றுக்கு 40! உலர்தீனியில் தண்ணீர் 10 பங்குதான். 90-இல் 24 என்றால் 27-க்குக் கொஞ்சம் கீழே. அமெரிக்காவில் ஆஃப்கோ என்ற அமைப்பு வகுத்த அளவு, தண்ணீர் நீக்கிய கணக்கில் வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவிகிதம், வளர்ந்த நாய்க்கு 18.

அந்த சதவிகிதத்தையாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2007-இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு வரிசையாகச் செத்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. தட்டு, டப்பா செய்கிற சரக்கு அது! ஏன் கலந்தார்கள் என்றால், சோதனைச்சாலையில் புரதத்தை நேரே அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுகிறார்கள். மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். மறுவருஷமே அதே சரக்கு சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரிலும் அகப்பட்டது. அதனால் யார் தயாரிக்கிறார்கள், முகவரி முழுசாக இருக்கிறதா, கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டா என்பதையும் இப்போது பார்க்கிறேன்.

மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் அள்ளிப் போடும் சரக்கு விலை குறைவு. அதன் பக்கமே போக வேண்டாம் என்றார் டாக்டர். நம் ஊர் வெயிலுக்குத் திறந்து வைத்த தீனியில் கொழுப்பு சிக்கு வாடை அடித்துவிடும். ஈரம் பட்டால் பூஞ்சை, பூஞ்சையால் ஈரலுக்கு ஆபத்து. தேதியும் பாட்ச் நம்பரும் மூட்டையோடு போய்விடும். தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன்: அந்தத் தேதியைப் பெரும்பாலும் எங்கள் பிரஸ்ஸில் அச்சடிப்பதில்லை. நாங்கள் ஒரு கட்டம் காலியாக விடுவோம். தீனியை நிரப்பும் இடத்தில் மெஷின் குத்தும். கட்டம் காலியாகவே இருந்தால், பாக்கெட்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இந்த நாய்த்தீனி வியாபாரத்தை ஆரம்பித்தவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர். 1860 வாக்கில் அவர் லண்டனுக்குப் போனது இடிதாங்கி விற்க! துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கட்டை பிஸ்கெட்டை நாய்கள் கடித்துத் தின்பதைப் பார்த்து யோசனை பிறந்தது என்பார்கள். எங்கள் பக்கம் மருந்துக் குடோன்தோறும் இடிதாங்கி நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது நாய் பிஸ்கெட் ஞாபகம்தான் வருகிறது.

சரி, விலை? அங்கேதான் இடிக்கிறது. எங்கள் தெருவில் பட்டாசு ஆலை வேலைக்குப் போகும் பெரியவர் ஒருவர் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறார். நான் தீனி விலையைச் சொன்னதும் சிரித்தார். "எங்கப்பா காலத்துல கம்பங்கூழ்தான் ஊத்துவாங்க. சிப்பிப்பாறைக்கு அப்ப என்ன கேடு வந்துச்சு?"

இதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். "கூழ் ஊத்தினது நிஜம். நாய்க்கு மாவுச்சத்து செரிக்கும். ஓநாயை விட நாய்க்கு அதைச் செரிக்க வைக்கற ஜீன் பிரதிகள் அதிகம்னு 2013-லயே கண்டுபிடிச்சிருக்காங்க. ஆனா அந்த நாய் கரட்டுக்காட்டுல முயலைப் பிடிச்சு எலும்போட தின்னுச்சே, அதைப் பெரியவர் கணக்குல சேர்த்தாரா?" என்றார். முயல் வேட்டை 1972 சட்டப்படி குற்றம். ஆக, முயல் போச்சு. கூழ் மட்டும் மிச்சம். அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் நாம் 'பழைய கால நாய் பார்' என்று பெருமை பேசுகிறோம்.

வீட்டுச் சாப்பாடே கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. சோறோ கம்போ, முட்டை, கறி, கொஞ்சம் ஈரல், வேகவைத்த காய். அதோடு நாயின் எடைக்கு ஏற்ப அவர் எழுதித் தரும் தாது உப்புக் கலவை. கடைசியில் சொன்னதை விட்டால் என் கதைதான். பெரியவர் இப்போது அப்படித்தான் போடுகிறார், செலவு தாங்குகிறது என்கிறார்.

எங்கள் வீட்டில் நிறுத்தியது நிறைய. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவில் சால்னாவை ஊற்றிப் பாசத்தோடு போடுவோமே, அது பாசமில்லை. திராட்சை, கிஸ்மிஸ் சிறுநீரகத்துக்கு ஆகாது. சாக்லேட் கூடாது; சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா சூயிங்கம் கூடவே கூடாது. வேகவைத்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை; நாய் வயிறு அதையெல்லாம் பார்க்காது. எங்கள் ஊருக்கு மட்டும் ஒன்று கூடுதல்: தெருவில் கிடக்கும் வெடிமருந்து ஒட்டிய காகிதம். பச்சை வெளிச்சம் தரும் பேரியம் நைட்ரேட் உள்ளே போனால் விஷம். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டது. தெருக்காகிதத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று சீனி சட்டம் படித்தா முகர்கிறாள்? வாரை விடுவதே இல்லை.

ஆறு வாரம் கட்டுக்காவலில் இருந்தாள். முதலில் வலி நின்றது. பிறகு வாசல்படி ஏறினாள். ரெண்டாவது எக்ஸ்ரேயில் எலும்பு எலும்பாகத் தெரிந்தது, கறுப்பு பிளேட் சரியாக விழுந்த மாதிரி. இடது முன்னங்கால் மட்டும் கொஞ்சம் வளைந்தே நின்றுவிட்டது. அது இனி நிமிராதாம். ஓடும்போது அந்தக் காலை ஒரு தினுசாக வீசி ஓடுவாள். மகளுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

போன மாசம் எங்கள் பிரஸ்ஸுக்கு ஒரு வேலை வந்தது. நாய் பிஸ்கெட் பாக்கெட். பேர் வேண்டாம். முன்பக்கம் கோழிக்கால், கேரட், ஓடிவரும் நாய். பின்பக்கத்தில் 'இது முழு உணவு அல்ல; இடையிடையே மட்டும் கொடுக்கவும்' என்ற வரி, கடுகு சைஸில். புரூஃபை நான் படிக்கிறதைப் பார்த்து முதலாளி அரண்டு போனார்.

"என்னய்யா, கலர் அடிக்குதா?"

"கலர் ஜோர் அண்ணாச்சி. இந்த வரியை ஒரு பாயின்ட் ஏத்தலாமான்னு பார்ட்டிகிட்ட கேளுங்களேன்."

"இடம் ஏதுய்யா?"

"கேரட்டைக் கொஞ்சம் குறைச்சா வந்துரும்."

பார்ட்டி அரை மணி நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றது. கேரட் பாதியானது. சீனிக்குக் கேரட் பிடிக்காது என்பது வேறு விஷயம்.