விடியலில் நடுங்கும் கை

ரப்பர் மரம் சீவுவது இருட்டு விலகுமுன் தொடங்கும் வேலை. வெயில் ஏறுமுன்தான் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம், பாலும் நன்றாக வடியும். ஒரு சீவலுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை கழிந்தால் போதும். கத்தி ஆழமாக இறங்கினால் வளர்திசு காயப்பட்டு, புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். கை அத்தனை நிதானமாக இருக்கவேண்டிய அந்த வேளையில்தான், தினமும் குடிப்பவரின் கை நடுங்குகிறது.

மலேசியாவில் சிரம்பானை ஒட்டிய ரஹாங் தொடங்கி நெகிரி செம்பிலான் தோட்டங்கள் எங்கும், காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு வந்து நிற்கும் அந்தக் கையைப் பார்த்தவுடன் "குடிகாரன்" என்று முடிவுகட்டுவது எளிது. உடம்புக்குள் நடப்பது வேறு. மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் 'காபா' ஏற்பிகளைத் தூண்டுகிறது. தினமும் அது வந்துகொண்டிருந்தால், ஈடுகட்டுவதற்காக மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. மது நின்ற சில மணி நேரத்தில் தடை விலகி, கூடிய வேகம் மட்டும் மிஞ்சுகிறது: நடுக்கம், வியர்வை, குமட்டல். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் ஆளே தெரியாத பிதற்றலும் வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை இது. ஆகவே, பல வருடமாக மிகுதியாகக் குடித்தவரைச் சாமி முன் சத்தியம் வாங்கி ஒரேயடியாக நிறுத்தச் சொல்லக்கூடாது. மருத்துவர் பார்வையில், மருந்தும் தயாமின் எனும் பி1 வைட்டமினும் கொடுத்துத்தான் நிறுத்தவேண்டும்.

இந்தப் பழக்கத்தைத் தொழிலாளி தனியாகத் தேடிக்கொண்டதாகச் சொல்வது அநியாயம். மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் ஏற்பாட்டிலேயே நடந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கை. பிறகு கள் ஓய்ந்தது. அதைவிடப் பலமடங்கு கடுமையான சம்சு எனும் சாராயம் அந்த இடத்தைப் பிடித்தது.

குடிப்பழக்கத்தை மற்ற நோய்களைப் போலவே நடத்தவேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வெளியிட்ட நடைமுறைக் கோவை சொல்கிறது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் குடிநோய்க்குச் சிகிச்சை தருவதோடு நிறுவனங்களையும் அப்படி நடத்தப் பழக்கிவருகிறது. தோட்டத்தில் குடிப்பவரை நோயாளியாக நடத்தச் சில ஏற்பாடுகள் போதும். சிகிச்சைக்குப் போனால் வேலை போகாது என்று மேற்பார்வையாளரான தண்டல் தன் வாயால் சொல்லவேண்டும். விஷயம் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பரவக்கூடாது. திரும்பி வந்தவருக்குச் சில வாரம் கத்தியோ டிராக்டரோ இல்லாத வேலை தரவேண்டும். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் மருத்துவமனையில் தங்குவோருக்கு ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. எடைக்குக் கூலி வாங்குபவருக்கு இதைத் தோட்ட எழுத்தரான கிராணி விளக்கிச் சொல்லவேண்டும்.

குடி நின்றபின் மனச்சோர்வு பலருக்குச் சில வாரத்தில் தானே தணியும். தணியாவிட்டால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். இல்லையென்றால் அந்தச் சோர்வே மறுபடி போத்தலிடம் கொண்டுபோய் விடும். அதனால் முதல் மாதம் முடிந்ததும் "சரியாகிவிட்டார்" என்று விட்டுவிடாமல், அடுத்த ஓராண்டுக்காவது மருத்துவரைப் பார்க்கும் நாட்களை வேலைநேரத்திலேயே ஒதுக்கித் தரவேண்டும்.